இன்னும் முப்பது கிலோமீட்டர்தானே

காவேரிப்பட்டணம்
ஆனிக் கடைசி வெள்ளி, பிற்பகல் மூன்று மணி

அன்புள்ள மகள் தேன்மொழிக்கு அப்பா எழுதுவது.

இங்கு அனைவரும் நலம். உன் நலமறிய ஆவல் என்று எழுதிப் பழகிய கை அதையே எழுதுகிறது. உண்மையில் உன் நலத்தைக் காலையிலிருந்து கைப்பேசியில் ஒரு நீலப் புள்ளியாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். மதியம் சாப்பிட நின்றபோது நீ மறுபடியும் அனுப்பிய அந்தப் புள்ளி இப்போது ஷாத்நகரைத் தாண்டி ஜட்சர்லாவை நோக்கி ஊர்ந்துகொண்டிருக்கிறது. இருட்டுவதற்குள் கர்நூலில் அறை எடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறாய். அங்கே குளித்து, சாப்பிட்டு, கட்டிலில் காலை நீட்டிய பிறகு இதைப் படி. தாளில் எழுதி ஒவ்வொரு பக்கமாக நானே படம் எடுத்து அனுப்புகிறேன். கைப்பேசியில் தட்டினால் எனக்கு எண்ணம் ஓடுவதில்லை. என் விரலின் நிழல் சில வரிகள் மேல் விழுந்திருந்தால் பெரிதாக்கிப் பார்த்துக்கொள். தம்பியைப் படம் எடுத்துத் தரச் சொல்லியிருக்கலாம், நாளை சனிக்கிழமை என்பதால் ஓசூரிலிருந்து இன்று மாலையே வந்துவிடுவான். ஆனால் இதில் இருக்கும் சில செய்திகளை அவன் உனக்கு முன்னால் படிக்க வேண்டியதில்லை.

இங்கே மழை இல்லை. காற்று மட்டும் ஆடி பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிட்டது. பெங்களூரா காய் முழுவதையும் இறக்கியாயிற்று. கூழ் ஆலைக்காரர்கள் கொடுத்த விலை பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும் சரியாகப் போயிற்று. கிணற்றடி வரிசையில் நீலம் மட்டும் மரத்தில் இருக்கிறது, நீ வந்த பிறகு பறிக்கலாம் என்று விட்டு வைத்திருக்கிறேன். மற்றச் செய்திகளை நேரில் பேசிக்கொள்ளலாம். நான் எழுத உட்கார்ந்தது நாளைய பயணத்தைப் பற்றி.

நேற்று இரவு சாப்பிடும்போது, "சனிக்கிழமை அவளுக்குக் கடைசி நாள்" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். உன் அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "வாயில நல்ல வார்த்தையே வராதா? வீடு வர்ற நாள்னு சொல்லுங்க" என்றாள். சொல் அவளுடையதே இருக்கட்டும். ஆனால் 34 ஆண்டுகள் வேளாண்மைத் துறையில், பாலக்கோட்டிலிருந்து வேப்பனப்பள்ளி வரை ஊர் ஊராக இரு சக்கர வண்டியில் அலைந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை நான் சொல்லாமல் இருக்க முடியாது: போகிற வழியில் பொல்லாத நாள் என்று ஒன்று இருந்தால், அது வீடு வரும் நாள்தான்.

நீ சிரிக்கலாம். மணாலியைத் தாண்டி 9 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப் பாதைக்குள் நுழைந்து மறுபக்கம் வந்தபோது வேறு நாட்டுக்கே வந்துவிட்டது போல் இருந்தது என்று நீ சொன்னதையும், 17,000 அடிக்கு மேலே டாங்லாங் லா கணவாயில், கடல்மட்டத்தில் கிடைக்கும் உயிர்வளியில் ஏறக்குறையப் பாதி மட்டுமே கிடைக்கும் இடத்தில், உதடு வெடித்துப்போய்த் தனியாக நின்று நீயே எடுத்துக்கொண்ட படத்தையும் நான் இந்தத் தெருவில் காட்டாத ஆள் இல்லை. பேருந்து நிலையத்து டீக்கடையில் ஒருவர் "பொம்பளப் புள்ளைய இப்படித் தனியா விடலாமா?" என்று கேட்டார். "விடறதுக்கு நான் யாரு? அவளாத்தான் போனா" என்று சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் அந்தப் பதிலுக்கு வேறொரு பொருளும் இருப்பது உறைத்தது.

கார்கில், சோஜி லா வழியாக நீ ஸ்ரீநகருக்கு இறங்கிய அன்று எனக்குப் பாதி உயிர் வந்தது. அங்கே நீ ஏறிய 44-ஆம் எண் நெடுஞ்சாலைதான் நம் ஊர் ஓரமாகவும் போகிறது. நான் வேலையில் சேர்ந்த காலத்தில் அதற்கு எண் 7. வாரணாசியில் தொடங்கிக் கன்னியாகுமரி வரை 2,369 கிலோமீட்டர். 2010-இல் எண்களை மாற்றியபோது 44-ஐ வடக்கே ஸ்ரீநகர் வரை கொண்டுபோய்விட்டார்கள். எனக்கு இன்றும் ஏழாம் நம்பர் ரோடு என்றுதான் வாயில் வருகிறது. நீ ஜம்முவில் இருந்தபோதே உன் அம்மாவிடம், இனிமேல் திரும்பவே வேண்டாம், ஒரே சாலையில் வந்தால் வீடு வந்துவிடும் என்று தைரியம் சொன்னேன். அவள் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்படின்னா பெங்களூரும் அதே ரோட்லதானே இருக்கு?" என்றாள். அதற்கு நான் பதில் சொல்லவில்லை.

நாளைக்கு வருகிறேன். கர்நூலிலிருந்து நம் வீட்டுக்கு ஏறத்தாழ 460 கிலோமீட்டர். இதைவிட நீண்ட நாட்களை நீ ஓட்டியிருக்கிறாய் என்பது எனக்குத் தெரியும், ஜான்சியிலிருந்து சாகர் தாண்டி வந்த அன்று மழையில் ஓட்டினாய் என்பதும் தெரியும். மலையில் பயம் இருந்தது, அது கண்ணை மூட விடவில்லை. மழையில் எரிச்சல் இருந்தது. நாளைக்கு அனந்தப்பூர் வரையிலான முதல் 150 கிலோமீட்டரில் பயப்படுவதற்கோ எரிச்சல்படுவதற்கோ ஒன்றும் இருக்காது. கோடு கிழித்தது போல சாலை, நடுவில் அரளிச்செடி, இரண்டு பக்கமும் வெட்டவெளி, தலைக்கவசத்துக்குள் ஒரே சுதியில் காற்று. இருபத்து நான்கு நாள் களைப்பு அங்கேதான் கணக்குத் தீர்க்க வரும். கொட்டாவி வருவதற்கு முன்பே அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. கடைசியாகத் தாண்டிய ஊரின் பெயர் என்ன என்று உன்னையே கேட்டுக்கொள். நினைவுக்கு வரவில்லை என்றால், கண் திறந்திருக்கும்போதே நீ தூங்கத் தொடங்கிவிட்டாய். உடனே நிறுத்து. அடுத்த பங்கு வரட்டும், அடுத்த தாபா வரட்டும் என்று பார்க்காதே.

நீ மணிக்கு 80 கிலோமீட்டரில் போகிறாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நொடிக்கு 22 மீட்டர். நம் தோட்டத்தில் மரத்துக்கு மரம் 10 மீட்டர் விட்டு நட்டிருக்கிறோம். மூன்று நொடி இமை மூடினால், ஓட்ட ஆளில்லாத வண்டி ஆறு மாமரங்களைத் தாண்டிப் போயிருக்கும். இந்தக் கணக்கை உனக்குச் சின்ன வயதிலேயே சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

நாக்பூர் லைனில் இருபது ஆண்டு லாரி ஓட்டிய உன் சின்ன மாமா சொல்வார், டீ குடித்த கையோடு வண்டியை எடுப்பவன் தூக்கத்தையும் கூடவே ஏற்றிக்கொண்டு போகிறான் என்று. டீயோ காப்பியோ இரத்தத்தில் ஏறி வேலை செய்ய இருபது முப்பது நிமிடமாவது ஆகும். ஆகவே முதலில் டீயைக் குடி, பிறகு ஏதாவது பெட்ரோல் பங்கின் நிழலில் இருபது நிமிடம் படு. எழும்போது டீ தன் வேலையைத் தொடங்கியிருக்கும். மதியம் வயிறு நிறைய பிரியாணி சாப்பிடாதே. பிற்பகல் இரண்டு மணி முதல் நான்கு மணி வரை உடம்பு தானாகவே தூக்கத்தைக் கேட்கும், விடியற்காலையில் கேட்பதைப் போலவே. நீ ஆறு மணிக்குப் புறப்பட்டால் சரியாக அந்த இரண்டு மணி நேரத்தில்தான் ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே இருப்பாய். அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீ தெற்கு நோக்கி வருகிறாய், இந்த மாதத்தில் காற்று மேற்கிலிருந்து அடிக்கும், அதாவது உன் வலது தோளில். அனந்தப்பூர், பெனுகொண்டாப் பக்கம் அது சாதாரணக் காற்றல்ல. காற்றாலைகளைச் சும்மாவா அங்கே நட்டிருக்கிறார்கள்? லாரியை வலப்பக்கமாக முந்தும்போது காற்று உன்னை லாரியின் மேலேயே தள்ளும். இடைவெளி அதிகம் விட்டு முந்து. சங்கிலிக்கு எண்ணெய் விட்டாயா? சக்கரக் காற்றைக் காலையில் வண்டி சூடாவதற்கு முன் பார். விளக்கு இல்லாமல் ஓரத்தில் நிறுத்தியிருக்கும் லாரிகள், எதிர்த்திசையில் வரும் டிராக்டர்கள், இவையெல்லாம் உனக்குப் புதிதல்ல.

பெங்களூரைப் பற்றி ஒரு யோசனை. சிக்கபள்ளாப்பூரில் பிரிந்து, சிந்தாமணி, கோலார், குப்பம் வழியாகக் கிருஷ்ணகிரிக்கு வந்துவிட்டால் நகரத்துக்குள் நுழையவே வேண்டியதில்லை. ஹெப்பாளிலும் சில்க் போர்டிலும் நின்று நின்று வந்தால் கிளட்ச் பிடிக்கும் கை மரத்துப்போகும், சனிக்கிழமை என்பதால் சேலம் பக்கம் வரும் கார்களும் சேர்ந்துகொள்ளும். நெரிசலுக்காகத்தான் சொல்கிறேன்.

மேலே எழுதிய வரியை இரண்டு முறை படித்துப் பார்த்தேன். அடிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும். ஆனால் அந்த வழி பல இடங்களில் குறுகிய சாலை என்பதையும், எதிரில் வரும் பேருந்துகள் நடுக்கோட்டை மதிக்க மாட்டார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எந்த வழி என்பதை நீயே முடிவு செய். ஒருவேளை பெங்களூருக்குள் உனக்கு ஏதாவது வேலை இருந்தால், யாரையாவது பார்த்துப் பேச வேண்டியிருந்தால், அதை நாளைக்கே போகிறபோக்கில் முடித்துவிட வேண்டும் என்று நினைக்காதே. இங்கிருந்து நூறு கிலோமீட்டர்தான். ஒரு வாரம் தூங்கி எழுந்து, பேருந்தில் போய் வரலாம். வேண்டுமென்றால் நானும் வருகிறேன். உள்ளே வரமாட்டேன், தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்திருப்பேன்.

மாடி அறையைச் சுண்ணாம்பு அடித்து வைத்திருக்கிறேன். எத்தனை நாளைக்கு என்று நான் கேட்கவில்லை. உன் பெயருக்கு வந்த மூன்று அட்டைப் பெட்டிகள் அங்கே இருக்கின்றன. முகவரி உன் கையெழுத்தில் இல்லை. பிரிக்கவில்லை. பயணம் புறப்பட்ட இடத்தில்தானே முடிய வேண்டும், இவள் ஏன் நேரே இங்கு வருகிறாள் என்று உன் அம்மா ஒருமுறை கேட்டாள். அதற்கு மறுநாளே எதிர்வீட்டாரிடம் "பொண்ணு ஆடிக்கு வர்றா" என்று தானாகவே சொல்லி வைத்துவிட்டாள். கல்யாணமாகி நாலு வருஷம் ஆன பெண்ணுக்கு என்ன தலை ஆடியா என்று கேட்க அவர்களுக்கு இடமே கொடுக்கவில்லை. கெட்டிக்காரி.

எனக்குக் குறை இல்லை என்று சொல்லமாட்டேன். மூன்று மாதமாக உன் ஞாயிற்றுக்கிழமை அழைப்பு நான்கு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. கேட்காதே என்று நீ சொன்னதில்லை. கேட்க இடம் விடாமல் பேசுகிறாய், மாங்காய் விலை, அம்மாவின் முட்டிவலி, தம்பியின் ஷிப்டு, பிறகு "சரிப்பா, வெச்சிடட்டா?". இந்தச் சாமர்த்தியம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று கோபமாக யோசித்தேன். யோசித்துப் பார்த்தபோது கோபப்பட முடியவில்லை, ஏனென்றால் அது என்னிடமிருந்துதான் வந்திருக்கிறது.

பாப்பா, உன் தாடையில் இருக்கும் தழும்பைப் பற்றி எழுதப்போகிறேன். நீ திண்ணையிலிருந்து விழவில்லை.

1999 மே மாதம், தம்பி பிறந்த எட்டாம் நாள். அம்மா ஈரோட்டில் அம்மாயி வீட்டில் இருந்தாள். உனக்கு ஐந்து வயது, தம்பியைப் பார்க்க வேண்டும் என்று இரண்டு நாள் அழுதாய். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நான்கு மணிக்கு இண்ட்-சுசுகியில் உன்னை முன்னால் பெட்ரோல் டாங்கின் மேல் உட்கார வைத்து, ஆயாவின் பழைய சேலைத் துணியால் என் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு புறப்பட்டேன். போக 165 கிலோமீட்டர், வர 165. அங்கே படுத்து எழுந்து வரலாம் என்று அம்மாயி சொன்னார்கள். மறுநாள் காலையில் அலுவலகத்தில் கணக்குப் பார்க்க மேலதிகாரி வருகிறார் என்று சொல்லி நான்கு மணிக்கே கிளம்பிவிட்டேன். பகலில் ஒரு நிமிடம்கூடத் தலை சாய்க்கவில்லை.

தொப்பூர் கணவாய் ஏறும்போது இருட்டிவிட்டது. அந்தக் காலத்தில் அது இரண்டே வழித்தடம். மேலே முக்கிக்கொண்டு ஏறும் லாரிகளும், பிரேக் சூடாகி ரப்பர் நாற்றம் அடிக்க எதிரில் இறங்கும் லாரிகளுமாக இருந்தது. நான் மிகக் கவனமாக இருந்தேன். ஒவ்வொரு வளைவிலும் உன் தலையை இடது கையால் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டேன். கணவாயைத் தாண்டியதும், இனிமேல் ஆபத்தில்லை என்று நெஞ்சுக்குள் ஒரு கயிறு அவிழ்ந்தது எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது.

தருமபுரியில் அத்தை வீட்டில் நிறுத்தினேன். உனக்குப் பால் கொடுத்து, எனக்கு நான்கு தோசை ஊற்றிப் போட்டு, அத்தை சொன்னாள்: "கொழந்த தூங்கி விழுது. படுத்துட்டு விடிஞ்சி போண்ணா." கட்டிலில் தலையணைகூட எடுத்துப் போட்டுவிட்டாள். நான் சொன்னேன், "இன்னும் முப்பது கிலோமீட்டர்தானே." அது முப்பத்தைந்து. அதைக்கூடக் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறேன். அன்று முதல் அந்தத் 'தானே'யை யார் வாயில் கேட்டாலும் எனக்கு வயிற்றில் என்னவோ செய்கிறது. மூன்று நாளைக்கு முன் நாக்பூரிலிருந்து நீ சொன்னாய், "இன்னும் மூணு நாள்தானேப்பா" என்று. அன்றிரவு நான் தூங்கவில்லை.

காரிமங்கலம் மலைக்கோயில் விளக்கைப் பார்த்தது நினைவிருக்கிறது. அதற்கப்புறம் சாலை ஓரத்துப் புளியமரங்கள். அடிமரத்தில் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்திருப்பார்களே, அந்த வெள்ளைப் பட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக விளக்கொளியில் வந்து போயின. ஒன்று, இன்னொன்று, இன்னொன்று. அடுத்து என் காதில் விழுந்தது சரளைக்கல்லின் சத்தம். கண்ணைத் திறந்தபோது வண்டி சாலையில் இல்லை. ஒரு சிறு பாலத்தின் ஓரக்கல்லை முன்சக்கரம் இடித்து, வண்டி சாய்ந்து, நாம் இருவரும் ஒரே கட்டாக மண்ணில் விழுந்தோம். உன் தாடை கைப்பிடி நடுவில் இருந்த மரையில் பட்டுக் கிழிந்துவிட்டது. மஞ்சள் கவுன். நீ அழவில்லை. தூக்கம் கலைந்தவளாக என்னைப் பார்த்து, "வீடு வந்துடுச்சாப்பா?" என்று கேட்டாய்.

ஒரு லாரிக்காரர் நிறுத்தினார். வண்டியை அங்கேயே விட்டுவிட்டு உன்னைத் தூக்கிக்கொண்டு அவரோடு வந்தேன். காவேரிப்பட்டணத்தில் ஒரு மருத்துவர் வீட்டுக் கதவைத் தட்டி, நான்கு தையல். தையல் போட்டவர் தலை நிமிராமலே "தூங்கிட்டீங்களா?" என்று கேட்டார். "நாய் குறுக்க வந்துடுச்சு சார்" என்றேன். அது முதல் பொய். பச்சை உடம்புக்காரிக்கு எதுவும் தெரிய வேண்டாம் என்று ஆயாவிடம் நான் கேட்டுக்கொண்டது இரண்டாவது. மூன்றாம் மாதம் அம்மா தம்பியோடு வந்து உன் தாடையைப் பிடித்துப் பார்த்தபோது, ஆயா முந்திக்கொண்டு, "திண்ணையில உக்கார வெச்சிட்டு உள்ள போனேன் கண்ணு, நான்தான் பாக்காம விட்டுட்டேன்" என்றாள். அந்த வார்த்தைகளை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. திண்ணை என்பது அவளே கண்டுபிடித்தது.

அதற்கப்புறம் என்ன நடந்தது என்பது உனக்கே தெரியும், காரணம் மட்டும்தான் தெரியாது. ஆயா ஏன் தம்பியைத் தூக்குவதே இல்லை என்று நீதான் ஒருநாள் எல்லார் முன்னாலும் கேட்டாய். அவன் நடக்கும் வரை அம்மா அவனை ஆயா மடியில் விடவில்லை. வயலுக்குப் போனாலும் இடுப்பில் தூக்கிக்கொண்டு போனாள். 2003-இல் வீட்டை எடுத்துக் கட்டியபோது கொத்தனார் திண்ணைக்கு அளவு கேட்டார். வேண்டாம் என்று அம்மா ஒரே சொல்லில் முடித்துவிட்டாள். தெருவில் நம் வீட்டுக்கு மட்டும் திண்ணை இல்லாத கதை இதுதான். திண்ணைப் பேச்சு வரும்போதெல்லாம் ஆயா ஒருமுறை என்னைப் பார்ப்பாள், பிறகு குனிந்து முறத்தில் கல் பொறுக்கத் தொடங்குவாள். பதினேழு ஆண்டு அப்படி இருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தாள். பேரனைத் தூக்காமல் இருந்த அந்தக் கைகளை நான் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நான் ஒரு வார்த்தை பேசியிருந்தால் போதும். பேசவில்லை. முதலில் அம்மாவின் உடம்பைக் காரணம் சொன்னேன், பிறகு வீட்டில் அமைதி கெட்டுவிடும் என்றேன், பிறகு ஆயாவே போய்விட்டாள், இனி என்ன என்றேன். உன் அம்மாவுக்கு இன்று வரை தெரியாது.

அவளிடமும் சொல்வேன். நீ வந்து சேர்ந்த பிறகு, நீ வீட்டில் இருக்கும்போது. நாளைக்கு நீ சாலையில் இருக்கும் நேரத்தில் சொன்னால் அவள் தாங்கமாட்டாள். உனக்கு முதலில் சொல்லக் காரணம், தாடை உன்னுடையது.

தூங்கு என்று சொல்லத் தொடங்கிய கடிதம் தூக்கத்தைக் கெடுத்திருக்கும் என்பது இப்போதுதான் தோன்றுகிறது. இதைப் படித்துவிட்டு இரவு சரியாகத் தூங்கவில்லை என்றால் நாளைக்குக் கிளம்பாதே. கர்நூலிலேயே இன்னொரு நாள் இரு, அறை வாடகையை நான் அனுப்புகிறேன். அல்லது கிளம்பி வந்து அனந்தப்பூரிலோ பெனுகொண்டாவிலோ பாதியில் தங்கிவிடு. ஞாயிற்றுக்கிழமை வந்தாலும் இதே வீடுதான், இதே களிதான். அம்மா நாட்டுக்கோழிக்குச் சொல்லி வைத்திருக்கிறாள் என்பதை உன்னிடம் சொல்லக்கூடாது என்று அவளிடம் கேட்டுக்கொண்டேன்; குழம்பு ஆறிப்போகும் என்று யாரும் வேகம் கூட்ட வேண்டாம். இப்போது நானே சொல்லிவிட்டேன். பரவாயில்லை, குழம்பைச் சூடுபண்ணிக்கொள்ளலாம்.

இருட்டினால் நிறுத்து. எந்த ஊராக இருந்தாலும் நிறுத்து. பேரண்டப்பள்ளியில் யானை சாலையைக் கடக்கும். கூட்டம் வரும் காலம் இதுவல்ல என்றாலும் ஒற்றை யானை ஒன்றிரண்டு காட்டிலேயே தங்கிவிடுவதுண்டு. மேலுமலை இறக்கத்தில் லாரிகளுக்குப் பக்கத்தில் போகாதே. அதையும் தாண்டி, சுங்கச்சாவடி வந்து, கிருஷ்ணகிரிக் கோட்டை மலை கண்ணில் பட்டதும் உன் உடம்பு தானாகத் தளரும். எனக்கு அந்த மலையைப் பார்த்தால் இன்றும் தளர்கிறது. அங்கேதான் நீ கட்டாயம் இறங்க வேண்டும். பன்னிரண்டு கிலோமீட்டருக்கு எதற்கு நிற்க வேண்டும் என்று தோன்றும், அப்படித் தோன்றும்போதே நின்றுவிடு. ஒரு டீ, முகம் கழுவ ஒரு பாட்டில் தண்ணீர், கால் மணி நேரம் உட்கார். நான் அங்கே வந்து நிற்கலாமா என்று யோசித்தேன். வந்தால் எனக்காக நீ அவசரப்படுவாய், ஆகவே வரமாட்டேன்.

இன்னும் ஒன்றே ஒன்று. அந்த நீலப் புள்ளி எட்டு மணி நேரத்துக்கு மேல் ஓடுவதில்லை. காலை ஆறு மணிக்கு நீ அனுப்பினால் பிற்பகல் இரண்டு மணிக்கு, சரியாகக் கடைசிப் பகுதியில், அது அணைந்துவிடும். அன்றைக்கு ஆதிலாபாத்தில் நாற்பது நிமிடம் அது ஒரே இடத்தில் நின்றபோது நான் சோற்றைப் பிசைந்த கையோடு உட்கார்ந்திருந்தேன். நீ டீ குடித்துக்கொண்டிருந்தாய். ஆகவே சிக்கபள்ளாப்பூரில் நிற்கும்போது அதை மறுபடியும் போட்டுவிடு. போட மறந்தாலும் குற்றமில்லை, ஓட்டிக்கொண்டே கைப்பேசியை எடுக்காதே. நான் அழைக்கமாட்டேன். அம்மாவையும் அழைக்க விடமாட்டேன்.

வாசலில் பலகைச் சத்தம் கேட்கிறது, அம்மா கோயிலிலிருந்து வந்துவிட்டாள். குடிநீர்க் குழாய்க்காக நம் வீட்டு முன்னால் பள்ளம் தோண்டி மேலே ஒரு பலகையைப் போட்டு வைத்திருக்கிறார்கள், ஒரு வாரமாக மூடவில்லை. ஆள் நடக்கத் தாங்கும், வண்டி தாங்காது. எதிர்வீட்டு ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டு நடந்து வா. பைகளை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்.

அன்புடன்,
அப்பா